இளவரசி எழுதிய மொய்

1984 ஜூலையில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைக் கயிறுகளில் இரண்டு புதிய காமிக்ஸ் இதழ்கள் ஏறின. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியது. முதல் இதழின் தலைப்பு ‘அழகியைத் தேடி’. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஒன்றில் அழகியைத் தேடி ஆண் போகிறான். மற்றதில் மாட்டிக்கொள்பவளும் தப்பிப்பவளும் கடைசியில் கணக்குத் தீர்ப்பவளும் அவளேதான். நம் வெகுஜன வாசிப்பில் பெண்ணுக்கு என்ன இடம் என்று ஆராய உட்காருபவருக்கு, பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இந்த இரண்டு அட்டைகளே நல்ல தொடக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் எழுத்தாளர் உண்டு. பீட்டர் ஓ’டோனல், 1960இல் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழுக்காக ‘டாக்டர் நோ’ நாவலைப் படத்தொடராக மாற்றிக் கொடுத்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1963 மே 13 அன்று, ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ மாலை நாளிதழில் ஓவியர் ஜிம் ஹோல்டவேயுடன் சேர்ந்து மாடஸ்டி பிளைஸியைக் கொண்டுவந்தார். அவளுக்கு விதை, 1942இல் பாரசீகத்தில் ராணுவப் பணியில் இருந்தபோது அவர் கண்ட ஓர் அகதிச் சிறுமி. தன்னந்தனியாக வந்து நின்றவளுக்குச் சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். அவள் தின்று முடித்து, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனாள். அந்த நடை இருபது வருஷம் அவர் மனதில் கிடந்தது.

மாடஸ்டி என்ற பெயருக்கு அடக்கம், நாணம் என்று பொருள். அச்சம் மடம் நாணம் பயிர்ப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் கைவிட்டவளுக்கு அப்படி ஒரு பெயர். தமிழில் இந்தக் கேலி காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. கதையில் அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின் அவளை விளிக்கும் சொல்லை ‘இளவரசி’ என்று எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களுக்கு அவள் இளவரசிதான். நாடு இல்லாத இளவரசி.

இவள் வாழ்க்கையில் ஒரு கைப்பிரதியின் கதை இருக்கிறது. படத்தொடர் புகழ் பெற்றதும் அவளைத் திரைப்படமாக்க உரிமை வாங்கினார்கள். ஓ’டோனல் திரைக்கதை எழுதிக் கொடுத்தார். அது பல கைகளுக்குப் போய், திருத்தித் திருத்தி, அவர் எழுதியதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாத நிலைக்கு வந்தது. ஜோசஃப் லோசி இயக்கி மோனிகா விட்டி நடித்த படம் 1966இல் வெளியானது. ஆனால் அதற்கு முன்பே, 1965இல், தள்ளுபடியான தன் திரைக்கதையை ஓ’டோனல் நாவலாக எழுதி வெளியிட்டுவிட்டார். படத்தை இன்று தேடிப் பார்ப்பவர் குறைவு. நாவல் வரிசையோ 1996 வரை 13 புத்தகங்களாக நீண்டது. யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தாள்கட்டு, முப்பது ஆண்டு காலம் புத்தகக் கடைகளின் கல்லாவில் காசு போட்டது.

அச்சேறாத எழுத்து புத்தகக் கடைக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை நான் இந்தக் கதையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். 2020இல் அமெரிக்காவில் அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது.

அங்கே காமிக்ஸ் கடை என்பது தனி இனம். வாரம் ஒருமுறை புதிய இதழ் வரும், விற்காமல் போனால் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் கடைக்காரருடையது. கிட்டத்தட்ட எல்லாப் பெரிய பதிப்பகங்களின் இதழ்களும் டயமண்ட் என்ற ஒரே விநியோக நிறுவனத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. 2020 மார்ச் கடைசியில், ஏப்ரல் முதல் புதிய சரக்கு கிடையாது என்று டயமண்ட் அறிவித்தது. மே 20 வாக்கில்தான் மறுபடி லாரி நகர்ந்தது. ஏழு வாரம் புதுச் சரக்கே இல்லாமல், வாடகையை மட்டும் கொடுத்துக்கொண்டு கடைகள் உட்கார்ந்திருந்தன.

ஏப்ரல் நடுவில் காமிக்ஸ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் சமூக வலைத்தளத்தில் ஓர் ஏலத்தைத் தொடங்கினார்கள். பிரையன் மைக்கேல் பெண்டிஸ், கேமி கார்சியா, சாம் ஹம்ப்ரீஸ், பில் ஜிமெனஸ், க்வெண்டா பாண்ட் ஆகியோர் முன்னின்று நடத்தியது. அசல் ஓவியங்கள், கையெழுத்திட்ட ஸ்கிரிப்டுகள், வரப்போகும் கதையில் ஒரு பாத்திரத்துக்கு ஏலம் எடுத்தவரின் பெயரைச் சூட்டுவது, வளரும் எழுத்தாளரின் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்வது என்று ஏலத்துக்கு வந்தவை பலவிதம். ஒரு வாரத்துக்குள் நான்கு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, நொடித்த கடைகளுக்கு உதவும் புத்தகத் தொழில் அறக்கட்டளைக்குப் போனது. அதே சமயத்தில் ஓவியர் ஜிம் லீ, 60 நாளில் 60 ஓவியம் என்று நாளுக்கொன்றாக வரைந்து ஏலம் விட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. பிள்ளையார் நோன்பு நினைவுக்கு வந்தது. செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: நகரத்தார், திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கிட்டு, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் இழை எடுத்துக்கொள்வார்கள். 21 நூலிழையைத் திரியாக்கி, மாவில் பிள்ளையார் பிடித்து, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். நகரத்தார் சங்கங்கள் கூட்டாக நடத்தும் நோன்புகளில் கடைசியில் ஏலம் உண்டு. உப்பு, மஞ்சள் போன்ற மங்கலப் பொருள்கள் ஏலத்துக்கு வரும். மளிகைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உப்பு, அங்கே ஆயிரக்கணக்கில் போகும். கேட்பவருக்கு உப்பு விலை தெரியாமலா? பணம் பொதுக் காரியத்துக்குப் போகிறது. சபையில் பெயர் சொல்லிக் கூவப்படுகிறது. அந்த உப்பு வீட்டுக்கு வந்தால் நல்லது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் விலை ஏறுகிறது.

அச்சேறாத கைப்பிரதியும் அந்த உப்புதான். சந்தையில் அதற்கு விலை இல்லை. விலை இருந்திருந்தால் எப்போதோ அச்சாகியிருக்கும். பொதுக் காரியம் என்ற சபை கூடும்போது மட்டுமே அதற்கு மதிப்பு பிறக்கிறது.

செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கும் புத்தகத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. நமணசமுத்திரத்துக்கு அப்பால் இராயவரம் என்ற ஊர். சக்தி காரியாலயம் வை. கோவிந்தனும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் அங்கே பிறந்தவர்கள். தேவகோட்டையிலிருந்து தமிழ்வாணன், வானதி திருநாவுக்கரசு, சின்ன அண்ணாமலை, முல்லை முத்தையா. ஒரே வட்டாரத்திலிருந்து இத்தனை பதிப்பாளர்கள் சென்னைக்குக் கிளம்பியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வட்டித் தொழில் பார்த்த சமூகம் அது. பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய பழக்கம், தூரத்து ஊரில் கடன் கொடுத்து வசூலிக்கும் துணிச்சல், இரண்டுமே பதிப்புத் தொழிலுக்கு வேண்டியவை. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்கு வந்தபின் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. பர்மா அனுபவம் பெற்ற கோவிந்தன் 1939லேயே ‘சக்தி’ இதழைத் தொடங்கிவிட்டார். ‘அணில்’ என்ற சிறுவர் இதழும் அவர் நடத்தியதுதான். அதில் தமிழ்வாணன் வேலை பார்த்தார். மலிவு விலையில் பாரதியை வீட்டுக்கு வீடு கொண்டுபோன கோவிந்தனுக்குக் கடைசிக் காலத்தில் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. 1966இல் காலமானார். நல்ல புத்தகம் போட்டவர் நொடித்துப்போவது தமிழ்நாட்டுக்கு 2020இல் வந்த செய்தி இல்லை.

இந்தப் பதிப்பாளர்கள் குழந்தைகளுக்கும் சாகசத்துக்கும் நிறையச் செய்தார்கள். ஆனால் கதாநாயகியைப் பொறுத்தவரை கை சுருங்கித்தான் இருந்தது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா என்ற மனைவி உண்டு. வழக்கைத் தீர்ப்பது சங்கர்லால். முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அதில் வந்த மாண்ட்ரேக்குக்கு நார்தா காதலி. முகமூடி வேதாளத்துக்கு டயானா, அவள் ஐ.நா. சபையில் வேலை பார்ப்பவள் என்பது எத்தனை வாசகர்களுக்கு நினைவிருக்கும்? சிவகங்கைச் சீமையில் நகரத்தார் ஆண்கள் கடல் கடந்து போன காலத்தில், அறுபது எழுபது தூண் வைத்த வீட்டையும் வரவு செலவையும் வழக்கு வியாஜ்யத்தையும் தனியாக நின்று பார்த்தவர்கள் ஆச்சிகள். அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் படித்த கதைகளில் பெண் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். இந்த முரண் எனக்கு எப்போதும் உறுத்தும்.

அதனால்தான் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ முக்கியம். முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதுகூட ஆகாத நிலையில் லயனைத் தொடங்கினார். கடை திறக்கும்போது முதல் போணிக்கு ஒரு பெண்ணை நிறுத்தினார். இரண்டாம் இதழும் அவளே. ஆனால் வியாபாரம் சூடுபிடித்தது அவளால் இல்லை. சில மாதங்களில் வந்த ஸ்பைடர் என்ற குற்றச் சக்கரவர்த்தியால்தான். பிள்ளைகள் அவனுக்குத்தான் வரிசையில் நின்றார்கள். விஜயன் பின்னாளில் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற தலைப்பில் இதழ்களில் தொடராக எழுதிய நினைவுகள், பதிப்பு வரலாறு எழுதுகிறவருக்குத் தவிர்க்க முடியாத ஆவணம். அந்த மாதிரி எழுத்து இதழோடு இதழாகப் போய், பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

பழைய மாடஸ்டி இதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாணி நிறத்துக்குத் திரும்பிய காகிதம். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப் பக்கத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு. முதல் பக்கத்து மூலையில் வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை, அல்லது பால்பாயின்ட் பேனாவில் ஒரு பெயரும் வகுப்பும் பிரிவும். உள்ளே ஹோல்டவேயின் கோடு. மெல்லியது, நிழலும் வெளிச்சமும் அளந்து வைத்தது. சில கட்டங்களில் மட்டும் அவளுடைய உடையில் கறுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். தோள் இருக்க வேண்டிய இடத்தில் சட்டைக் கை முளைத்திருக்கும், கழுத்து மேலேறியிருக்கும். லண்டனில் வரைந்த உடம்புக்கு சிவகாசியில் தூரிகையால் துணி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் புத்தகம், வீட்டில் அம்மா பார்த்தால் கிழித்துப் போடுவாள் என்ற நியாயமான பயம்தான். அந்தத் தூரிகையைப் பிடித்த ஓவியரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இராது. பலூனுக்குள் முத்து முத்தாகத் தமிழ் எழுதியவரின் பெயரும் இராது.

தமிழில் காமிக்ஸ் கதாநாயகியைப் பற்றிய அச்சேறாத எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் கை காட்டுவது இவர்கள் பக்கம்தான். எந்தக் கட்டத்தில் துணி சேர்த்தோம், எதை வெட்டினோம், எந்த வசனத்தை மழுப்பினோம் என்று அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் பத்துப் பக்கம் எழுதினால், அதைவிடப் பெரிய பெண்ணிய ஆய்வு வேறு வேண்டியதில்லை. அடுத்தது வாசகர் கடிதங்கள். அச்சில் வந்தவை கொஞ்சம், வராதவை மூட்டை. மூன்றாவது, பெண் வாசகர்கள். அண்ணன் வாங்கி வைத்ததை அவனுக்குத் தெரியாமல் படித்த தங்கைகளின் நினைவுகள். தமிழ்க் காமிக்ஸ் என்றாலே ஐம்பது கடந்த ஆண்களின் மலரும் நினைவு என்று ஆகிவிட்டதற்கு, தங்கைகள் எழுதாததும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ட்ரினா ராபின்ஸ் இந்த வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். 1970இல் பெண்கள் மட்டுமே சேர்ந்து உருவாக்கிய முதல் காமிக்ஸ் இதழைக் கொண்டுவந்தவர். 1986இல் வொண்டர் வுமன் தொடரை வரைந்த முதல் பெண்ணும் அவரே. பிறகு, மறக்கப்பட்ட பெண் ஓவியர்களைத் தேடித்தேடிப் புத்தகமாக்கினார். 2024 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, அந்த வரலாற்றில் பாதி அவர் எழுதாவிட்டால் இல்லாமலே போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோட்டையூரில் ஒருவர் இருந்தார். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதும் ஓவியர். எழுத்தையே தொழிலாகக் கொண்டவர், எழுத்து எங்கே அழிகிறதோ அங்கே போய் நின்றார். புத்தகம், வார இதழ், நாடக நோட்டீசு, கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் அந்த ஒற்றை வீட்டிலிருந்து போனவை. எது இலக்கியம், எது குப்பை என்று அவர் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால், இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதில் பாதி அடுப்புக்குப் போயிருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கான் பூச்சுப் போட்ட அடுக்குகள், ரவிவர்மா படங்கள், பெல்ஜியம் கண்ணாடி, கல்கத்தாவிலோ ரங்கூனிலோ செய்த பெட்டிகள். பங்காளிகள் பாகம் பிரித்து, வீட்டைப் பூட்டி, பின்பு விற்று, அப்படி வெளியே வந்த பொருள்கள். தூணுக்கும் கதவுக்கும் வெளிநாட்டுக்காரர் வரை விலை கேட்கிறார்கள். அதே வீட்டு அலமாரியில் இருந்த, தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துப் பைண்டு செய்த தொகுதிகளுக்குக் கேள்வி குறைவு. மரத்துக்கு இருக்கும் மரியாதை காகிதத்துக்கு இல்லை.

இப்போது கடைக் கணக்குக்கு வருவோம். ஒரு புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாளர் கடைக்கு முப்பது சதவீதம் கழிவு கொடுத்தால் கடைக்கு 60 ரூபாய். அதிலிருந்து வாடகை, மின்சாரம், உதவிக்கு ஒரு பையன், பார்சல் கூலி. தெரிந்த வாடிக்கையாளர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார். புத்தகக் காட்சியில் அப்படித்தானே கொடுக்கிறார்கள் என்பார். அது உண்மைதான். அதோடு போனது 20 ரூபாய். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது வாசகருக்கு நிம்மதி. ஆனால் கடைக்காரர் வாடகைக்கும் பிற செலவுக்கும் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள வழி இல்லை. அது அவர் தலையில்தான். மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடப்பதைக் குறை சொல்ல மாட்டேன்; கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்பது சாதாரண விஷயமா? என்றாலும் பதினோரு நாள் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்தபிறகு, அந்த ஊர்க் கடைக்காரர் இரண்டு மாதம் ஈ ஓட்டுகிறார். வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள்.

காமிக்ஸ் இன்னும் மோசம். லயனும் முத்துவும் இப்போது பெரும்பாலும் சந்தாவிலும் நேரடி விற்பனையிலும் புத்தகக் காட்சியிலும் உயிர் வாழ்கின்றன. பெட்டிக்கடைக் கயிறு அறுந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கயிற்றில் இன்று ஷாம்பூ பாக்கெட் தொங்குகிறது. பதிப்பாளரின் பார்வையில் சந்தா நியாயமானது. முன்பணம் கையில், விற்காத கட்டு திரும்பி வராது. ஆனால் ஜூலியா, லேடி எஸ் என்று இளவரசிக்குப் பிறகு வந்த கதாநாயகிகள், ஏற்கெனவே சந்தா கட்டியவர் வீட்டுக்கு மட்டும்தான் போகிறார்கள். வழியில் போகும் ஒரு பள்ளி மாணவி அட்டையைப் பார்த்து நிற்க வாய்ப்பே இல்லை. ஈரானியப் பெண் மர்ஜானே சத்ரபியின் படக்கதைச் சுயசரிதையைக் கோவை விடியல் பதிப்பகம் ‘ஈரான்’ என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தது. அதைத் தற்செயலாக எடுத்துப் புரட்ட ஒரு கடை அலமாரி வேண்டும். கடை இருப்பது இதற்காகத்தான்: நமக்கு வேண்டும் என்று நமக்கே தெரியாத புத்தகத்தைக் கண்ணில் காட்ட.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பகிர்வது என்றாலே புண்ணியம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. அச்சான காமிக்ஸைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகச் சுற்றுக்கு விடுகிறவர்கள், தாங்கள் சேவை செய்வதாகவே நம்புகிறார்கள். கிடைக்காத பழைய இதழ் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரோஜா முத்தையாவின் ஆவி மன்னிக்கலாம். கடையில் இருக்கும் இதழை அப்படிச் செய்தால், அது கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்து ஊருக்குப் பந்தி வைப்பது. அச்சேறாததைக் கொடுப்பவர் தன் தட்டிலிருந்து கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது.

தன் தட்டிலிருந்து என்றேன். அது தன்னுடையதுதானா என்பதும் கேள்வி. வொண்டர் வுமனை 1941இல் உருவாக்கிய வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன், எலிசபெத் ஹாலோவே, ஆலிவ் பைர்ன் என்ற இரண்டு பெண்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். அந்தக் குடும்பம் பல காலம் வெளியே சொல்லாத செய்தி அது. வரலாற்றாசிரியர் ஜில் லெபோர், குடும்பத்தாரிடம் இருந்த கடிதங்களையும் தாள்களையும் பார்த்து 2014இல் புத்தகமாக எழுதியபோது, கதாநாயகியின் கைவளையம் வரை எல்லாவற்றுக்கும் புது அர்த்தம் கிடைத்தது. கேட்டு, பார்த்து, எழுதினார். எடைக்கு வந்த மூட்டையில் ஒரு பெண்ணின் பழைய நோட்டு கிடைத்தது என்பதற்காக அதை ஏலத்தில் வைக்க நமக்கு உரிமை கிடையாது. அவள் இன்று எங்கோ பேரப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். கடைக்கு உதவுவது நல்ல காரியம் என்பது அனுமதிக்கு மாற்று ஆகாது.

உரிமைச் சிக்கல் இல்லாத கதாநாயகி ஒருத்தி நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறாள். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்து வடுகநாதரைக் கும்பினிப் படையிடம் பறிகொடுத்து, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் மறைந்திருந்து, ஹைதர் அலியின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார். 2008இல் அஞ்சல் தலை வந்தது. 2022இல் மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அமர் சித்திர கதாவோடு சேர்ந்து, அதிகம் பேசப்படாத விடுதலை வீராங்கனைகள் இருபது பேரைப் பற்றி வெளியிட்ட படக்கதைத் தொகுப்பிலும் அவர் இருக்கிறார். ஆனால் நாச்சியாரின் பெரும்பகுதி அச்சில் இல்லை. பள்ளி ஆண்டு விழா நாடகப் பிரதிகளில், பேச்சுப் போட்டிக்குத் தமிழாசிரியைகள் எழுதிக் கொடுத்த தாள்களில், அவர் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலியைப் பற்றிக் கிராமத்தில் பாட்டிகள் சொல்லும் விதவிதமான வடிவங்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் எழுதப்பட்டு, விழா முடிந்த மறுநாள் காணாமல் போகும் இலக்கியம் அது. காரைக்குடியில் ஒரு புத்தகக் கடை, இப்படிப்பட்ட பிரதிகளை எழுதியவர்களிடமே கேட்டு வாங்கி, கடையில் மட்டும் கிடைக்கும் மெல்லிய வெளியீடாகப் போட்டால், ஆசிரியையின் முப்பது மாணவிகள் தாய் தகப்பனோடு கடை வாசல் ஏறுவார்கள். ஒருமுறையாவது ஏறுவார்கள்.

அந்த ஒருமுறைதான் சிக்கல். உப்பு ஏலம் வருஷத்துக்கு ஒருநாள். அமெரிக்காவிலும் அப்படித்தான் ஆனது. 2020 ஏலம் கடைகளை அந்த வசந்த காலத்தைத் தாண்ட வைத்தது. ஒரே விநியோகஸ்தரை நம்பியிருந்த தொழிலின் கோளாறை அது தொடவில்லை. 2025 ஜனவரியில் டயமண்ட் நிறுவனமே திவால் மனு போட்டது.

சிவகாசிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியும். அதற்குப் பெயர் மகமை. வியாபாரி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவில் சேரும். உறவின்முறை என்ற சமூகச் சங்கம் அதை நிர்வகிக்கும். அதிலிருந்து பள்ளிக்கூடம் எழும்பும். தென் மாவட்ட நாடார் ஊர்களின் கல்வி நிலையங்கள் பல அந்தக் காசில் நின்றவை. நகரத்தாரிடம் புள்ளி வரி, கோயில் மகமை என்று அதற்கு இணையான பழக்கம் உண்டு. உணர்ச்சிவசப்பட்டு ஒருநாள் அள்ளிக் கொடுப்பதும், கணக்குப் பார்த்து தினம் கிள்ளிக் கொடுப்பதும் வேறு வேறு. தீப்பெட்டித் தொழில் கற்க 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போன இரண்டு இளைஞர்களிடமிருந்து வளர்ந்த ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று வந்த அச்சகங்களில்தான் பின்னால் மாயாவியும் மாடஸ்டியும் அச்சானார்கள். மகமைக் காசு புழங்கிய மண்ணில் பிறந்த காமிக்ஸுக்கு மகமை அந்நியமான யோசனை இல்லை.

என் யோசனை பெரிதில்லை. புத்தகக் காட்சியில் விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐம்பது காசு, அந்தந்த மாவட்டத்தில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் சிறு கடைகளுக்கு ஒதுங்கட்டும். சண்டை வரும். எது கடை, எது நோட்டுப் புத்தகம் விற்கும் ஸ்டேஷனரி என்று பஞ்சாயத்து நடக்கும். உறவின்முறையில் நடக்காத சண்டையா? அச்சேறாத எழுத்தையும் இதில் கோத்துவிடலாம். சந்தா கட்டியவருக்கு இதழ் தபாலில் போகட்டும். தூரிகைக்காரரின் பத்துப் பக்கமோ ஒரு தங்கையின் நினைவுக் குறிப்போ கடையில் மட்டும் கிடைக்கட்டும். மாதம் ஒன்று. அதற்காக வருகிறவர் வேறொன்றையும் புரட்டுவார்.

அறந்தாங்கி தாண்டி கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். தொழில் தொடங்கவோ கடன் அடைக்கவோ பணம் வேண்டியவர் கறிச்சோறு போட்டு ஊரை அழைப்பார். பந்தலில் வரிசையாக மேசை போட்டு, நோட்டோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்கிய மொய்யைச் சில வருஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் தந்த அந்தப் பாரசீகத்துச் சிறுமிக்குப் புரியக்கூடிய முறைதான். புத்தகக் கடைக்காக அப்படி ஒரு பந்தல் போட்டு, இளவரசியும் தன் பழைய திரைக்கதைக் கட்டோடு வந்து மேசை முன்னால் நிற்கிறாள் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். மொய் நோட்டில் முதலில் எழுதுவது ஊர்ப் பெயர். அப்புறம்தான் ஆள் பெயர். எழுதுகிறவர் தலை நிமிராமலே கேட்பார், “எந்த ஊரும்மா?” கதைப்படி கிரேக்க நாட்டு அகதி முகாமிலிருந்து தப்பி நடந்து வந்தவளுக்கு ஊர் என்று ஒன்று ஏது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் சிவகாசி என்றுதான் சொல்வாள்.